ஒரே பெஞ்சில் இரண்டு பேர்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமா படிங்க. சர்க்கரைக்கு என்ன சாப்பிடலாம்னு எதிர்பார்த்து வந்தவங்களுக்கு இன்னிக்கு ஏமாற்றமா இருக்கலாம். மன்னிக்கணும்.

இதுல வர்ற இரண்டு பேர்கிட்டயும் கேட்டு, அவங்க சரின்னு சொன்ன பிறகுதான் எழுதுறேன். அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். யாருன்னு தேட வேண்டாம்.

ஸ்ரீமுஷ்ணத்துல வாரத்துல ஒரு நாள் எங்க ஓபி திருவிழா மாதிரி இருக்கும். பிரஷர், சுகர் மாத்திரை வாங்குற நாள். சுத்துப்பட்டு கிராமத்துலேருந்து முதல் பஸ்ஸுக்கே வந்துடுவாங்க. சீட்டு போட்டு, பிரஷர் பார்த்து, விரல்ல குத்தி சுகர் பார்த்து, டாக்டர் அறைக்கு வர்றதுக்குள்ள ஒரு மணி நேரம் ஆயிடும். அந்த ஒரு மணி நேரமும் வெளியில இருக்கிற நீள பெஞ்சுதான் ஊர் நாட்டாமை மேடை. கரும்பு பாக்கிலேருந்து அமெரிக்க அதிபர் வரைக்கும் அங்க தீர்ப்பு எழுதப்படும்.

2025 செப்டம்பர், நேபாளம் எரிஞ்ச வாரம். சமூக ஊடகங்களைத் தடை பண்ணப் போய், இளைஞர்கள் தெருவுல இறங்கி, துப்பாக்கிச் சூடு நடந்து, பிரதமர் ஒலி செப்டம்பர் 9ஆம் தேதி ராஜினாமா பண்ணினாரே, அந்த வாரம். பெஞ்சில ஒரு தம்பி போன்ல நாடாளுமன்றம் எரியுற வீடியோவை சத்தமா வச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தார். பக்கத்துல இருந்தவர் எட்டிப் பார்த்துட்டுச் சொன்னார்:

"நம்ம ஆர்மிய அனுப்பி ரெண்டு நாள்ல எல்லாத்தையும் நேராக்கிடலாம்ப்பா. எதுக்கு சும்மா வேடிக்கை பார்த்துக்கிட்டு..."

ஜன்னல் வழியா எனக்கு எல்லாமே கேட்கும். நாலஞ்சு பேர் ஆமாம் போட்டாங்க. அப்ப பெஞ்சு ஓரத்துலேருந்து ஒரு குரல். "அனுப்பலாம். யாரை அனுப்புறது? உன் புள்ளைய அனுப்புறியா?"

கேட்டவர் என்னோட பழைய பேஷண்ட். அறுபது வயசு. பட்டாளத்துல டிரைவரா இருந்து ஓய்வு பெற்றவர். மூணு மாத்திரை கொடுத்தும் பிரஷர் அடங்காது. ராத்திரி தூக்கம் கிடையாது, சாயங்காலம் கொஞ்சம் குடியும் உண்டு. எங்க சார் டியூட்டி பார்த்தீங்கன்னு முன்னாடி கேட்டப்பல்லாம் "அஸ்ஸாம் பக்கம்"னு முடிச்சுக்குவார்.

அன்னிக்கு என்ன தோணுச்சோ, சொல்லிட்டார். "நாங்களும் ரெண்டு நாள்னு சொல்லித்தான் போனோம். சிலோனுக்கு. எண்பத்தேழுல. ரெண்டரை வருஷம்."

பெஞ்சு அமைதியாயிடுச்சு. தம்பி போன் சத்தத்தைக் குறைச்சுட்டார்.

எதிர் சுவரோரமா ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாங்க. அவங்களும் மாசா மாசம் வர்றவங்கதான். நம்ம மாவட்டத்துல இருக்கிற இலங்கைத் தமிழர் முகாம்ல முப்பது வருஷத்துக்கு மேல வாழ்ந்தவங்க. மகளைப் பக்கத்து கிராமத்துல கட்டிக் கொடுத்திருக்கிறதால இப்ப இங்க. பேச்சு அப்படியே நம்ம ஊர்ப் பேச்சுதான். பயந்தாலோ கோபம் வந்தாலோதான் யாழ்ப்பாணத் தமிழ் எட்டிப் பார்க்கும். அன்னிக்கு எட்டிப் பார்த்துச்சு.

"ஐயா, நீங்கள் எந்தப் பக்கம் நிண்டனீங்கள்?"

அவர் திரும்பிப் பார்த்தார். பதில் சொல்லல. சிஸ்டர் கூப்பிட்டது அவர் பெயரைத்தான். உள்ள வந்து என் முன்னாடி உட்கார்ந்தார். பிரஷர் 184/106. கை நடுங்குது. "மாத்திரை மட்டும் எழுதிக் கொடுங்க சார், நான் போறேன்"னு சொல்லிட்டு பின் வழியா போயிட்டார்.

இப்ப கொஞ்சம் வரலாறு. நான் அப்ப பொறக்கவே இல்ல. உங்கள்ல பாதிப் பேரும் பொறந்திருக்க மாட்டீங்க. அதனால சுருக்கமா.

1987 மே மாசம் இலங்கை ராணுவம் வடமராட்சியில பெரிய தாக்குதலை நடத்துச்சு. யாழ்ப்பாணத்துக்குச் சாப்பாடு இல்லைன்னு இந்தியா படகுகள்ல உணவு அனுப்புச்சு. இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிடுச்சு. மறுநாள், ஜூன் 4, இந்திய விமானப்படை ஐந்து ஏஎன்-32 விமானங்கள்ல, மிராஜ் போர் விமானங்கள் துணைக்கு வர, சுமார் 25 டன் பொருளை யாழ்ப்பாணத்து மேல போட்டுச்சு. அதுக்கு நம்ம ஆளுங்க வச்ச பெயர் ஆபரேஷன் பூமாலை. சிங்களவங்க "பருப்பு போட்டாங்க"ன்னு கிண்டலா சொல்லுவாங்க. ஒரே விமானம்தான். ஒருத்தருக்குப் பூமாலை, இன்னொருத்தருக்குப் பருப்பு.

ஜூலை 29, கொழும்புல ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனேவும் ஒப்பந்தம் போட்டாங்க. மறுநாள் அணிவகுப்பு மரியாதையில ஒரு சிங்களக் கடற்படை வீரர் துப்பாக்கியைத் திருப்பிப் பிடிச்சு ராஜீவை அடிச்சார். தெற்குல பல பேருக்கு அது தங்கள் மனசுல இருந்த அடி. அதே நேரத்துல வடக்குல இந்திய அமைதிப்படைக்கு மாலை போட்டு, ஆரத்தி எடுத்து வரவேற்பு. அக்டோபர் 10ஆம் தேதி அதே படைக்கும் புலிகளுக்கும் சண்டை ஆரம்பிச்சுடுச்சு. மாலை வாடுறதுக்குள்ளன்னு சொல்லுவோமே, அந்தக் கணக்குதான்.

கடைசி அணி திரிகோணமலையிலேருந்து 1990 மார்ச் 24ஆம் தேதி கிளம்புச்சு. நம்ம பக்கம் செத்த வீரர்கள் கிட்டத்தட்ட 1,200 பேர். அங்க செத்த பொதுமக்களுக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட கணக்கே கிடையாது.

டாக்டரா நான் தாண்டிப் போக முடியாத இடம் ஒண்ணு இதுல இருக்கு. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள இந்திய ராணுவம் நுழைஞ்சுது. அன்னிக்கும் மறுநாளுமா நோயாளிகள், நர்ஸுகள், டாக்டர்கள், கடைநிலை ஊழியர்கள்னு அறுபது பேருக்கு மேல செத்தாங்க. உள்ளேருந்து புலிகள் சுட்டாங்க, இடையில சிக்கினாங்கன்னு ராணுவம் சொல்லுச்சு. கையைத் தூக்கிட்டு வந்தவங்களையும் சுட்டாங்கன்னு உயிர் பிழைச்ச ஊழியர்கள் சொல்றாங்க. செத்தவங்கள்ல குழந்தை நல மருத்துவர் சிவபாதசுந்தரமும் ஒருத்தர். இரவெல்லாம் பிணங்களுக்கு நடுவுல செத்த மாதிரி படுத்துக் கிடந்தவங்க இருக்காங்க.

நைட் டியூட்டியில வார்டு வராண்டாவுல தனியா நடக்கும்போது எனக்குச் சில நாள் இது ஞாபகம் வரும்.

இதை நான் படிச்சது ஹாஸ்டல்ல, ஒரு சீனியர் கொடுத்த 'முறிந்த பனை' புத்தகத்துல. நாலு பேர் சேர்ந்து எழுதினது. நாலு பேர்ல ஒருத்தர் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். இன்னொருத்தர் ரஜனி திராணகம, யாழ்ப்பாணம் மருத்துவ பீடத்துல உடற்கூறியல் துறைத் தலைவர். ரஜனி அம்மா என்ன பண்ணினார்னா, வீடு வீடா போய்ப் பெண்கள்கிட்ட பேசினார். இலங்கை ராணுவம் என்ன பண்ணுச்சு, இந்திய ராணுவம் என்ன பண்ணுச்சு, நம்ம பையன்களே என்ன பண்ணினாங்கன்னு எல்லாத்தையும் எழுதினார். யாரையும் விடல. 1989 செப்டம்பர் 21, கல்லூரியிலேருந்து சைக்கிள்ல வீட்டுக்குப் போற வழியில சுட்டுக் கொன்னாங்க. புலிகள்தான் கொன்னாங்கன்னு அவர் குடும்பமும் கூட வேலை பார்த்தவங்களும் சொல்றாங்க. வயசு 35. இப்ப என் வயசு ஏறக்குறைய அதுதான்.

உண்மையைச் சொல்லணும்னா, அந்தப் புத்தகம் படிக்கிற வரைக்கும் எனக்கு இலங்கை விஷயத்துல ஒரே ஒரு கருத்துதான் இருந்துச்சு. 2009ல நான் பிளஸ் டூ. ஊரெல்லாம் போஸ்டர், காலேஜுக்கெல்லாம் லீவு. டிவியில பார்த்த படங்களால எனக்கும் ரத்தம் கொதிச்சுது. கொதிச்சது தப்புன்னு இப்பவும் சொல்ல மாட்டேன். ஆனா அங்க இருந்த ஒரு அம்மாவுக்கு அதே விஷயத்துல மூணு, நாலு கருத்து ஒரே நேரத்துல இருக்கும்னு அந்த வயசுல எனக்குத் தோணவே இல்ல.

பட்டாளத்துக்காரர் பின் வழியா போன பிறகு அந்த அம்மா உள்ள வந்தாங்க. "நான் கேட்டது பிழையோ, டொக்டர்?"னாங்க. இல்லம்மான்னேன். ஓபி கூட்டம் ஓய்ஞ்ச பிறகு வாங்க பேசலாம்னு சொன்னேன். மத்தியானம் வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தாங்க.

அவங்க சொன்னதை முடிஞ்ச அளவு அவங்க வார்த்தையிலயே எழுதுறேன்.

"பூமாலை எண்டு பிளேன் வந்த நேரம் நாங்கள் எல்லாரும் வெளிய ஓடி வந்து கையைக் காட்டினனாங்கள். இந்தியா வந்திட்டுது, இனிப் பயமில்லை எண்டு அம்மா அழுதவா. ஆமி வந்த நாள் நான் என்ர கையால பூப் போட்டனான். பிறகு நாலு மாசத்தில அதே வானத்தில இருந்து ஷெல்லும் ஹெலியும்."

அப்ப அவங்களுக்கு 24 வயசு, கைக்குழந்தை. வாரக்கணக்குல ஊரடங்கு. பால்மா தீர்ந்துடுச்சு. ஒரு நாள் ஒலிபெருக்கியில தமிழ்ல சொன்னாங்களாம், இத்தனை மணியிலேருந்து இத்தனை மணி வரைக்கும் வெளிய வரலாம்னு. அண்ணன் சைக்கிளை எடுத்துட்டுக் கடைக்குப் போனார். திரும்பி வரல. ஒழுங்கை முனையில ஷெல் விழுந்துடுச்சு.

"யார் அடிச்சது எண்டு தெரியாது தம்பி. ஆமி எண்டும் சொன்னவை, பெடியள் எண்டும் சொன்னவை. எனக்கு அது இப்ப தேவையில்லை. அந்த நேரம் சரியோ எண்டுதான் தெரியவேணும். சொன்ன நேரத்துக்குள்ளதான் அண்ணன் போனவரோ, இல்லாட்டி நான் பிழையாக் கேட்டு அவசரப்படுத்தி அனுப்பினனோ."

38 வருஷமா இந்த ஒரு கேள்வி. குழந்தைக்குப் பால்மா வேணும்னு அண்ணனைப் போகச் சொன்னதே இவங்கதான்.

அதோட முடியல. இந்தியப் படை கிளம்பப் போற நேரத்துல, 1989ல, அதுக்கு ஆதரவா இருந்த இயக்கங்கள் ரோட்டுல போற பையன்களைப் பிடிச்சு 'தமிழ்த் தேசிய இராணுவம்'னு ஒண்ணுல சேர்த்தாங்க. இவங்க தம்பி டியூஷன் போயிட்டு வரும்போது பிடிபட்டார். இந்தியப் படை போனதும், புலிகள் வந்து அந்தப் பையன்களைத் துரோகிகள்னு வேட்டையாடினாங்க. தம்பி என்ன ஆனார்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. மறுபடியும் போர் தொடங்கி, 1990ல படகு ஏறி மண்டபம் வந்து, அங்கேருந்து கடலூர் மாவட்டத்து முகாம்.

நான் கேட்டேன், "இவ்வளவுக்கும் அப்புறம் இந்தியா மேல கோபம் இல்லையாம்மா?"

சிரிச்சாங்க. "கோபம் இல்லாமலோ? ஆனா எங்களுக்குச் சோறு போட்டதும் இந்தியாதானே. என்ர பிள்ளையள் படிச்சது இங்கதானே."

இன்னொண்ணும் சொன்னாங்க. 2022ல இலங்கையில பெட்ரோல் இல்ல, மருந்து இல்ல, ஜூலை 9ஆம் தேதி ஜனங்க ஜனாதிபதி மாளிகைக்குள்ளயே புகுந்தாங்களே, அந்த வருஷம் தமிழ்நாட்டுலேருந்து அரிசி, பால்பவுடர், மருந்து எல்லாம் கப்பல்ல போச்சு. மே 18ஆம் தேதி கிளம்பின முதல் கப்பல்ல மட்டும் 9,000 டன் அரிசி. யாழ்ப்பாணத்துல இருக்கிற சித்தி மகளுக்கு அந்த அரிசி கிடைச்சிருக்கு. போன்ல அழுதாங்களாம். அதே போன்ல, அடுத்த வரியிலயே, "அரிசி தாறதும் நீங்கள், இழுவைப் படகில வந்து எங்கட வலையை அறுக்கிறதும் நீங்கள்"னு திட்டினாங்களாம். புருஷன் மீன்பிடிக்கிறவர்.

எனக்கு இது ரொம்பப் பிடிச்சுது. இதுல எந்த வரி பொய்? ரெண்டும் நிஜம்தானே.

அந்த அம்மாவுக்கு அங்கயும் ஓட்டு இல்ல, இங்கயும் ஓட்டு இல்ல. மகள் இங்கயே பொறந்தவங்க, அவங்களுக்கும் இன்னும் குடியுரிமை வரல. ஆக, ரெண்டு நாட்டுலயும் யாரும் இவங்க கருத்தைக் கேட்டதே கிடையாது. 1987ல இந்தியாவை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கின ஜேவிபி, 2024ல ஆட்சிக்கே வந்துடுச்சு. அதன் தலைவர் ஜனாதிபதியாகி முதல் வெளிநாட்டுப் பயணமா டெல்லிக்குத்தான் வந்தார். அரசியல்வாதிக்குக் கருத்தை மாத்திக்க வசதி இருக்கு. இவங்க பழசையும் வச்சுக்கணும், புதுசையும் வச்சுக்கணும்.

சரி, பட்டாளத்துக்காரர் கதைக்கு வர்றேன்.

அடுத்த மாசம் மாத்திரை நாளுக்கு அவர் வரல. பத்து நாள் கழிச்சு, கூட்டமே இல்லாத ஒரு சனிக்கிழமை வந்தார். நான் கேட்காமலே சொன்னார்.

"எனக்கு அப்ப 22 வயசு சார். தமிழனைக் காப்பாத்தப் போறோம்னு சந்தோஷமா போனேன். பட்டாலியன்ல தமிழ் தெரிஞ்சவன் நாலு பேருதான். அதனால வண்டி ஓட்டுறது பாதி, மொழி பெயர்க்கிறது பாதி. கெழவிங்க என்னைப் பார்த்து 'நீயும் தமிழன்தானே அப்பு'ன்னு கேப்பாங்க. அந்தப் பக்கம் கண்ணிவெடியில நம்ம வண்டி போயிடும், கூட சாப்பிட்டவன் துண்டு துண்டா கெடப்பான். இந்தப் பக்கம் இந்தக் கேள்வி."

திரும்பி வந்தப்ப சென்னைத் துறைமுகத்துல வரவேற்பு. அன்றைய முதல்வர் கருணாநிதி அதுல கலந்துக்கல. தமிழர்களைக் கொன்ன படையை வரவேற்க மாட்டேன்னு அவர் நிலைப்பாடு. அதுக்கு அவர்கிட்ட காரணம் இருந்துச்சு, ஊரும் அப்ப அப்படித்தான் நினைச்சுது. ஆனா கப்பல்லேருந்து இறங்கினது டெல்லியில முடிவெடுத்தவங்க இல்ல. 25 வயசு டிரைவர்.

"எங்க ஊரு டீக்கடையில புலிங்க படம் ஒட்டியிருந்துச்சு சார். எங்கப்பா, எங்கடா இருந்தன்னு கேட்டா அஸ்ஸாம்னு சொல்லுன்னுட்டார். அதையே சொல்லிட்டேன். 91ல ராஜீவைக் கொன்னப்புறம் அதே டீக்கடையில படத்தைக் கிழிச்சுட்டாங்க. முகாம் ஆளுங்களை சந்தேகமா பார்க்க ஆரம்பிச்சாங்க. அப்ப நான் போயிருந்தேன்னு சொல்லியிருந்தா மாலை போட்டிருப்பாங்க. ஆனா ஒரு வருஷமா அஸ்ஸாம்னு சொன்னவன் எப்படி மாத்துறது?"

பொண்டாட்டிக்கே போன வருஷம்தான் தெரியுமாம்.

மருத்துவம் கொஞ்சமாத்தான் இருக்கும்னு சொன்னேன்ல, இதுதான் அது. பிரஷர் அடங்கல, தூக்கம் இல்ல, திடீர்னு வியர்க்குது, சத்தம் கேட்டா தூக்கி வாரிப் போடுதுன்னு வர்ற எல்லாருக்கும் மாத்திரையை மட்டும் ஏத்திக்கிட்டே போறது என்னோட பழக்கமா இருந்துச்சு. இந்த அம்மாவுக்கு ஹெலிகாப்டர் சத்தம் கேட்டா இன்னிக்கும் சிறுநீர் போயிடும். இவருக்கு ரோட்டுல புதுசா தோண்டி மூடின மண்ணைப் பார்த்தா வண்டி ஓட்ட வராது. ரெண்டு பேர் சீட்டுலயும் நான் எழுதியிருந்தது அம்லோடிபின் மட்டும்தான். எப்ப ஆரம்பிச்சுதுன்னு ரெண்டு வருஷமா ஒரு தடவைகூடக் கேட்கல. இப்ப ரெண்டு பேரையும் மாவட்ட மனநல மருத்துவர்கிட்ட அனுப்பியிருக்கேன். இவர் ஒரு தடவை போனார். அந்த அம்மா போகல. "எனக்கு விசரோ?"ன்னு கேட்டுட்டாங்க. பேசிக்கிட்டு இருக்கேன்.

அன்னிக்கு எழுந்து போகும்போது அவர் கதவுகிட்ட நின்னார்.

"சார், அந்த அம்மா என்ன கேட்கணும்னு நெனைச்சாங்க?"

சொல்லலாமா வேண்டாமான்னு எனக்குக் குழப்பம். அம்மாகிட்ட போன்ல கேட்டேன். சொல்லுங்கோன்னாங்க. சொன்னேன். ஒலிபெருக்கி, நேரம், பால்மா, அண்ணன்.

அவர் மறுபடியும் உட்கார்ந்துட்டார். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

"அந்த மைக்ல பேசுறது எங்க வேலைதான் சார். தமிழ் தெரிஞ்சவனைத்தானே பேசச் சொல்லுவாங்க. நான் சாவகச்சேரி பக்கம், அவங்க ஊருல இல்ல. ஆனா நானும் பேசியிருக்கேன். எழுதிக் கொடுப்பாங்க, படிப்போம். படிச்சுட்டு அடுத்த தெருவுக்குப் போறதுக்குள்ள சில நேரம் வயர்லெஸ்ல உத்தரவு மாறிடும். திரும்பிப் போய் மாத்திச் சொல்ல விட மாட்டாங்க."

அதாவது, அவங்க சரியாத்தான் கேட்டிருக்கலாம்.

நவம்பர் மாத்திரை நாளுக்கு ரெண்டு பேரும் வந்தாங்க. நான் எந்த ஏற்பாடும் பண்ணல, சத்தியமா. உள்ளே எண்பது பேர் பார்க்க வேண்டியிருந்துச்சு. நடுவுல ஒரு தடவை ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். அந்த அம்மா பெஞ்சோட ஒரு ஓரம், அவர் இன்னொரு ஓரம். நடுவுல நாலு பேர் கரும்பு விலை பத்திப் பேசிக்கிட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தப்ப நடுவுல இருந்த நாலு பேரையும் சிஸ்டர் கூப்பிட்டுட்டாங்க. அவர் தரையைப் பார்த்துக்கிட்டு ஏதோ சொல்லிக்கிட்டு இருந்தார். அந்த அம்மா சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

என்ன பேசினாங்கன்னு நான் கேட்கல. அவருக்கு அன்னிக்குப் பிரஷர் 160/94. அவங்களுக்கு 150/90. சுகர் ரெண்டு பேருக்குமே ஏறித்தான் இருந்துச்சு. தீபாவளி முடிஞ்ச மாசம், எல்லாருக்குமே அப்படித்தான் இருக்கும்.


அரசு மருத்துவர், ஸ்ரீமுஷ்ணம்